மறுகூட்டல்

புதூரில் பிசியோதெரபி கிளினிக் மாடியில்
சனிக்கிழமை மாலை ஆறரைக்கு
எட்டுப் பேர் கண்மூடி உட்காருகிறோம்.
கீழே அழகர்கோவில் பஸ் பிரேக் போட்டால்
ஜன்னல் கண்ணாடி பேச ஆரம்பிக்கும்.
'அதையும் கேளுங்க, விரட்டாதீங்க'
என்பாள் ஜெபக்கனி.
என்னைவிடப் பதினாறு வயது இளையவள்,
பகலெல்லாம் பிறர் முழங்காலை
மடக்கி நீட்டிக் கொடுப்பவள்.

மூச்சு உள்ளே.
மூச்சு வெளியே.
மூன்றாவது மூச்சில் வந்துவிடும்
அந்தப் பதிவெண்.

நாலு வருஷத்துக்கு முந்தைய ஏப்ரல்.
விடைத்தாள் திருத்தும் முகாம்.
சுழல்வதாக நடித்துக்கொண்டிருந்த மின்விசிறி.
சாப்பாட்டு மணிக்கு முன் கடைசிக் கட்டு.
நாற்பத்து மூன்றை
முப்பத்து நான்கு என்று எழுதினேன்.
நான்
கணக்கு டீச்சர்.
முப்பத்தைந்து எடுத்தால் பாஸ்.

மறுகூட்டலில் சரியாகிவிட்டது,
பத்தொன்பது நாள் கழித்து.
எனக்கு மெமோ வந்தது,
அதில்தான் அந்த எண்ணைப் பார்த்தேன்.
பெயர் இல்லை, ஊர் இல்லை,
ஆணா பெண்ணா தெரியாது.
'பணிச்சுமை காரணமாக' என்று விளக்கம் எழுதினேன்.
கையெழுத்து மட்டும் அழகாக வந்திருந்தது.

அந்தப் பத்தொன்பது நாளும்
அந்தப் பிள்ளை எந்த மூலையில் இருந்தது,
யார் வாயில் விழுந்தது,
சோறு இறங்கியதா,
ராத்திரி யாராவது
கூடப் படுத்துக்கொண்டார்களா?
எந்த அலுவலகத்தில் மனுப்போட்டு
இதைத் தெரிந்துகொள்வது?

'நலமாக இருக்கட்டும்' என்று
மனசுக்குள் சொல்ல வேண்டும்.
முதலில் உங்களுக்கு, என்பாள் ஜெபக்கனி.
நான் அந்தக் கேள்வியை விட்டுவிட்டு
அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன்.
பால்காரர் முருகவேல் நலமாக இருக்கட்டும்.
எங்கள் வாசலில் மீன்செதிலைக் கொட்டும்
மாடிவீட்டுக்காரி நலமாக இருக்கட்டும்.
மெமோவில் கையெழுத்துப் போட்ட அதிகாரியும்
போனால் போகிறது, இருக்கட்டும்.
அதற்குமேல் சாய்ஸ் இல்லை.

இத்தனைக்கும் இருபத்திரண்டு வருஷமாக
கருணை மதிப்பெண் போட்ட கை இது.
சூத்திரத்தைச் சரியாக எழுதி
விடையைக் கோட்டை விட்டவளுக்குப் போட்டேன்.
வட்டத்தை மட்டும் நேர்த்தியாக வரைந்தவனுக்கும்.
'எல்லாம் படிச்சேன் டீச்சர், மறந்துபோச்சு' என்று
கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்த ஒருவனுக்கு
அதற்கு மேலேயே
அரை மார்க்.

போன மாதம் முத்துப்பட்டி பெருமாள்மலைக்குப் போனோம்.
குகைக்குள் கற்படுக்கைகள்.
'இது சமணர் இடமாச்சே,
நாம புத்தர் வழியில்ல?' என்றார்
எங்களோடு வரும் மின்வாரிய சண்முகராஜா.
'மூச்சு எங்க விட்டாலும் மூச்சுதான்' என்றுவிட்டு
ஜெபக்கனி செருப்பைக் கழற்றினாள்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். நான் படுத்தேன்.
அப்போதுதான் தெரிந்தது
தலைமாட்டில் ஒரு மேடு.
பட்டினி கிடந்து, மயிரைப் பிடுங்கி,
உடம்பை ஒரு பொருட்டாகவே எண்ணாதவர்கள்.
அவர்களுக்கும் யாரோ
உளியை எடுத்து மெனக்கெட்டு
கல்லில் ஒரு தலையணை விட்டிருக்கிறார்கள்.
வழுவழுவென்று இருந்தது.
எத்தனை பிடரி பட்டுத் தேய்ந்ததோ.

மூச்சு உள்ளே.
வெளியே.
மூன்றாவதில் வந்தது பதிவெண்.
வழக்கம்போல் நின்றுகொண்டிருந்தது,
பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்திய பிள்ளை மாதிரி.
கொஞ்சம் தள்ளிப் படுத்தேன்.
அதற்கும் இடம் இருந்தது.

வெகுநேரம் கழித்து,
ஒரு தேன்சிட்டோ என்னவோ
வெளியே கத்திவிட்டுப் போன பிறகு,
'நான்' என்று சொல்ல வராமல்,
யாரோ ஒருத்தியைப் பற்றிப் பேசுவதுபோல
'அந்தக் கணக்கு டீச்சர்
நல்லா இருக்கட்டும், பாவம்'
என்றேன்.

அரை மார்க்.
மொத்தத்தில் சேர்க்கவில்லை
இன்னும்.